எரியாத விளக்கின் ரீடிங்

மாதேஷ் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் அது நான் சொன்ன இன்னொரு பொய்யாகிவிடும். ஏற்கெனவே சொன்ன ஒன்றே பதினேழு வருடம் ஓடியிருக்கிறது.

அவர் இராசிபுரத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். கல்லூரியின் பெயர் வேண்டாம். சொந்த ஊர் வெண்ணந்தூர், வீட்டில் இரண்டு விசைத்தறி. பத்தாம் வகுப்பில் அறிவியலில் நாலு மார்க்கில் தோற்றவர். அந்த நாலு மார்க்கை அவர் மறந்ததே இல்லை. செய்முறைத் தேர்வு நாளில் எந்தப் பிள்ளையின் முகம் வாடினாலும், அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். பையன்களைச் சாமி என்பார், பெண்களை அம்மணி என்பார். கருவிகளைப் பற்றியும் நோயாளிகள் போலத்தான் பேசுவார். "இந்த ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் கழுத்து புடிச்சிருக்குதுங்க, மெதுவாத் திருப்புங்க" என்று அவர் சொன்னால் நாங்கள் சிரிப்போம். ஆனால் மெதுவாகத்தான் திருப்புவோம்.

நான் அங்கே பி.எஸ்சி. படித்தேன். பெயர் கோகிலவாணி. இப்போது ஒரு அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், வீடு அஸ்தம்பட்டியில். குவாண்டம் இயற்பியல் என் பாடம். அதை நன்றாக நடத்துகிறேன் என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அல்லது இருந்தது.

போன வருடம் ஏப்ரலில் அதே கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் புறத்தேர்வாளராகப் போனேன். படித்த இடத்துக்கே எக்ஸ்டர்னலாகப் போவது ஒரு தனி மிதப்பு. வாசலிலேயே மாதேஷ் அண்ணன் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அடுத்த வருடம் ஓய்வு என்று பிறகு தெரிந்தது.

"வாங்க அம்மணி. நல்லா இருக்கறீங்களா?" என்றார்.

துறைத் தலைவர் சிவபிரகாஷ் என் காலத்துக்குப் பின்னால் வந்தவர். அவர் முகத்தைச் சுளித்தார். "மாதேஷ், எக்ஸ்டர்னலை மேடம்னு கூப்பிடுங்க."

"சரிங்க சார்" என்றவர் என் பக்கம் திரும்பி, "உள்ள வாங்க அம்மணி, ஃபேனுக்கு அடியில உக்காருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிடித்தும் இருந்தது.

அன்றைய சோதனைகளில் ஒன்று, எல்.இ.டி. விளக்குகளை வைத்துப் பிளாங்க் மாறிலியைக் கண்டுபிடிப்பது. இயற்பியல் படிக்காதவர்களுக்கும் இது புரியும். நாமக்கல்காரர்களுக்கு இன்னும் சுலபமாகவே புரியும். வெளிச்சம் தண்ணீர் போல ஒழுகி வருவதில்லை, முட்டை போல எண்ணிக்கையாக வருகிறது. அரை முட்டை, கால் முட்டை என்று கிடையாது. இந்த முழுமுழுத் துணுக்குக்குத்தான் குவாண்டம் என்று பெயர். சிவப்பு வெளிச்சத்தின் முட்டை சிறியது, நீலத்தின் முட்டை பெரியது. விளக்கை மங்கலாக்கினால் முட்டைகளின் எண்ணிக்கை குறையுமே தவிர ஒவ்வொன்றின் அளவும் குறையாது.

எல்.இ.டி.க்குள் ஓர் எலக்ட்ரான் மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு விழும்போது ஒரு முட்டை வெளிச்சத்தை வெளியே விடுகிறது. அதை மேல்படிக்கு ஏற்றுவது நாம் கொடுக்கும் வோல்ட்டேஜ். சிவப்புக்குப் படி தாழ்வு, நீலத்துக்கு உயரம். குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் சிவப்பு முதலில் எரியும், பிறகு மஞ்சள், பச்சை, கடைசியாக நீலம். எந்த வோல்ட்டில் வெளிச்சம் துளிர்க்கிறது என்று பார்த்துக் குறித்து, அந்த நிறத்தின் அலைநீளத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் பிளாங்க் மாறிலி வரும். புத்தகம் அதை 6.63 என்று சொல்கிறது. பின்னால் வரும் அடுக்கு எண்ணை விட்டுவிடுவோம்.

முதல் வெளிச்சம் மிக மெல்லியது. பகலில் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக மாதேஷ் அண்ணன் தறியில் நூல் தீர்ந்துபோன காகிதக் கோன்களுக்கு உள்ளே கறுப்பு மை பூசி, ஒவ்வொரு விளக்குக்கும் ஒன்று செய்து வைத்திருந்தார். அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரே கருவி, ஆறு பேர் மாறி மாறிச் செய்தார்கள். பதினொரு மணி வாக்கில் நான் ஒரு சுற்று வந்தேன். பிரவீனா என்ற பெண் எழுதிக்கொண்டிருந்தாள். மஞ்சள், 2.10 வோல்ட். நான் சும்மா கோன் வழியாகக் குனிந்து பார்த்தேன். இருட்டு. குமிழை முழுவதும் திருப்பினேன். அப்போதும் இருட்டு. மஞ்சள் விளக்கு செத்துப்போய்விட்டது. முந்தைய மூன்று தாள்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சிவப்பு 1.91, மஞ்சள் 2.10, பச்சை 2.34, நீலம் 2.64. விடை எல்லோருக்கும் 6.63.

"எரியாத விளக்குக்கு எப்படிம்மா ரீடிங் எடுத்தே?" என்றேன்.

அந்தப் பெண் ஹால் டிக்கெட்டுக்குக் கீழேயிருந்து கட்டைவிரல் அகலத்தில் ஒரு ஜெராக்ஸ் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தானுங்க குடுத்தேன்" என்று பின்னாலிருந்து மாதேஷ் அண்ணனின் குரல் வந்தது.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் இடம் பொருள் பார்க்காது. இருபத்துநாலு மாணவர்களுக்கு முன்னால், அப்பா வயதை எட்டப்போகிற மனிதரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அறிவியல் என்றால் என்னவென்று தெரியுமா, இது ஆய்வகமா பிட் அடிக்கிற இடமா, இத்தனை வருடம் எத்தனை பிள்ளைகளைக் கெடுத்தீர்கள் என்றெல்லாம் கேட்டேன். கேட்கும்போது எனக்கு நன்றாகவே இருந்தது. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதோட ஒரிஜினல் எங்கே? எடுங்க" என்றேன்.

அவர் தயங்கினார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பீரோவின் மேல் இழுப்பறையிலிருந்து லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்து, எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து என் கையில் வைத்தார்.

திருப்பிப் பார்த்தேன். ரெக்கார்டு நோட்டுத் தாள். நீல மை. நாலு வரி. தலை திறந்த நாலு, வாலைச் சுழித்த ஒன்பது. என் கையெழுத்து.

சிவபிரகாஷ் எட்டிப் பார்த்தார். "யாரு எழுதுனது இது?"

"தெரியலீங்க சார். பழசுங்க. எப்பவோ யாரோ வச்சுட்டுப் போனதுங்க" என்றார் மாதேஷ் அண்ணன்.

என் வாய் திறக்கும் என்று நானே காத்திருந்தேன். திறக்கவில்லை. தாளை மறுபடி கவிழ்த்து மேசையில் வைத்தேன்.

அது 2008 பிப்ரவரி. மின்வெட்டுக் காலம். எங்கள் செய்முறை வகுப்பு நடந்த மதியம் கருவியை மேசையில் வைத்ததும் கரண்ட் போய்விட்டது. மறுநாள் பத்து மணிக்கு ரெக்கார்டு நோட்டு கொடுத்தாக வேண்டும். மாதேஷ் அண்ணன் என்னிடம், "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க அம்மணி. அப்பக் கரண்டு இருக்கும். நான் வந்து தொறந்து வெக்கறேன்" என்றார். சரி என்றேன். விடுதிக்குப் போனேன். எனக்கு விடை தெரியும், அலைநீளங்கள் தெரியும். விடையிலிருந்து பின்னோக்கி வகுத்தால் வோல்ட்டேஜ் வந்துவிடும். பத்து நிமிட வேலை. 1.91, 2.10, 2.34, 2.64. பொன் போல நாலு எண்கள். ஒரு விளக்கைக்கூட எரியவிடாமல் எழுதியவை.

பேராசிரியர் என் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "ரீடிங்னா இப்படி இருக்கணும்" என்றார். அந்த வாரம் மாதேஷ் அண்ணன் வந்து, அந்த ரீடிங்கைத் தனக்கு ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். பெருமையோடு, என் மிக அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அதை நான் நினைத்ததே இல்லை. வெட்கக்கேட்டில் இதுவும் ஒரு பங்கு, பொய் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அதை மறந்துவிட்டு நான் வகுப்பில் நடத்தியது என்ன தெரியுமா? எலக்ட்ரானை இரண்டு துளைகள் வழியாகத் திரையை நோக்கி ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு புள்ளியாக விழும், அடுத்தது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் ஆயிரக்கணக்கில் விழுந்த பிறகு அந்தப் புள்ளிகள் அலை போட்ட கோடுகளாக நிற்கும் என்பேன். துகளாக விழுகிறது, அலையாகப் பரவுகிறது, இரண்டும் அதுதான் என்பேன். எந்தத் துளை வழியாகப் போகிறது என்று எட்டிப் பார்த்தால் கோடுகள் அழிந்துவிடும் என்பேன். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வேன். "அளந்து பார்க்கும் வரை, அந்த எலக்ட்ரான் இங்கேதான் இருக்கிறது என்ற பதிலே இல்லை. கேள்வி கேட்டால்தான் இயற்கை பதில் சொல்லும்." பிள்ளைகள் அசந்துபோய்ப் பார்ப்பார்கள். கேள்வியே கேட்காமல் பதில் எழுதியவள்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் சிவபிரகாஷ் குழைந்து பேசினார். "மேடம், ஸ்டூடன்ட்ஸ் மேல போட்டா காலேஜ் பேரு கெட்டுடும். மாதேஷ் மேல ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. பிரின்சிபால் மூணு மணிக்கு வந்துடுவாரு. ஆளை அனுப்பிட்டா முடிஞ்சுது."

எழுதிக் கொடுத்தேன். ஆய்வக உதவியாளர் மாணவர்களுக்குத் தயாரித்த அளவீடுகளை வழங்கியது கண்டறியப்பட்டது என்று நாலு வரி. கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினேன். அந்தத் தேதியிலும் நாலுக்குத் தலை திறந்தேதான் இருந்தது.

கைப்பையை எடுக்க ஆய்வகத்துக்குத் திரும்பினேன். அவர் தனியாக உட்கார்ந்து, செத்த மஞ்சள் விளக்கைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"தப்புத்தானுங்க அம்மணி. பிள்ளைக ஃபெயிலாயிரக் கூடாதுன்னு செஞ்சுட்டேன்."

"ஏன் அண்ணா அது யாருதுன்னு சொல்லல?"

"நாலு பேருக்கு முன்னாடி அதையெப்படீங்க சொல்றது?" என்றவர் கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு ரொம்ப நாளா இருந்துச்சுங்க. உங்களைத் தவிர வேற ஆருகிட்டக் கேக்கறதுன்னு தெரியலீங்க."

இழுப்பறையின் அடியிலிருந்து அட்டை கிழிந்த ஒரு டைரியை எடுத்தார். உள்ளே பக்கம் பக்கமாகத் தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நாலு எண்கள். 2008 மார்ச்சில் ஆரம்பித்திருந்தது. மாதம் ஒன்று என்று, போன வாரம் வரை.

"உங்க ரீடிங் அத்தனை சுத்தமா இருந்துச்சுங்களா, அதை நாமளும் ஒருக்கா எடுத்துப் பாக்கலாம்னு ஆசைங்க. குமிழை மெதுவாத்தான் திருப்பறேன். ஒருநாளும் வரலீங்க. சிவப்பு உங்களுக்கு 1.91. எனக்கு 1.74, 1.72, 1.75. நாலும் கம்மியாத்தான் வருது. இதுல இன்னொண்ணுங்க. மார்கழியில கொஞ்சம் ஏறுது, சித்திரை வெயில்ல இன்னும் எறங்குது. கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு அஸ்தம்பட்டிக்குப் போயிக் கண்ணு டாக்டருகிட்டக் காட்டிட்டு வந்தனுங்க. கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னுட்டாரு. அப்பறம் கைதான் சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டேன். படிப்பு ஏறாத கை. என்னோடதைக் குடுத்தாப் பிள்ளைக ஃபெயிலாயிரும்னுதானுங்க உங்களோடதைக் குடுத்தேன். எங்கீங்க தப்புப் பண்றேன்?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எழுதியிருந்ததுதான் உண்மை. அந்த மாதிரிக் கருவியில் கண்ணால் பார்த்து எடுத்தால் அப்படித்தான் குறைவாக வரும். மாறிலி ஆறுக்குப் பக்கத்தில் வந்தால் அது நல்ல சோதனை. வெயில் ஏற ஏற விளக்கு குறைந்த வோல்ட்டிலேயே எரியும் என்பதும் உண்மை. சூட்டில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருக்கும், படி ஏறுவதில் கொஞ்சம் பங்கை அந்தச் சூடே கொடுத்துவிடும். பத்தாம் வகுப்பு தோற்ற மனிதர், யாரும் சொல்லித் தராமல், ஒரு டைரியையும் தறிக் கோனையும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்துவிட்டு அதைத் தன் கையின் குறை என்று பதினேழு வருடம் நினைத்து மருகியிருக்கிறார், என் நாலு எண்களைப் பார்த்து.

"ஜன்னலைச் சாத்துங்க அண்ணா" என்றேன்.

கோனில் கண்ணை வைத்துக் குமிழைத் திருப்பினேன். 1.5. ஒன்றும் இல்லை. 1.6, இருட்டு. அதற்குப் பிறகு மிக மெல்ல. ஒரு கணம் இருட்டு, மறுகணம் ஒரு ஊசிமுனைச் சிவப்பு. வோல்ட்மீட்டர் 1.71 காட்டியது. சித்திரை மாத ரீடிங். பதினைந்து வருடமாக இதை நடத்துகிறவள், வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன்.

கண்ணைக் கோனிலிருந்து எடுக்காமலே சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

"உங்க கை சரியாத்தான் இருக்கு. உங்களோடதுதான் ரீடிங். என்னோடது பொய். நான் விளக்கைப் போடவே இல்ல. விடையை வச்சுப் பின்னாடியிருந்து கணக்குப் போட்டு எழுதுனேன்."

அதற்கு அவர் கேட்டது நான் எதிர்பாராத ஒன்று.

"அன்னிக்கு எட்டு மணிக்கு நான் வந்து தொறந்து வச்சிருந்தனுங்களே."

"ஆமா."

"கரண்டும் இருந்துச்சுங்க. ஒம்பதரை வரைக்கும் பாத்தேன். நீங்க வரலீங்க. வேற எங்கியோ எடுத்துட்டீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு கொம்பு கிடைத்திருக்கும்.

முதல்வரின் அறைக்குப் போய் என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதினேன். மூல அளவீடுகள் இந்தக் கல்லூரியின் முன்னாள் மாணவியான என்னால் இட்டுக்கட்டி எழுதப்பட்டவை, அதை உண்மையென்று நம்பியே உதவியாளர் பயன்படுத்தினார், மாணவர்களுக்கு மறுதேர்வு வைக்க வேண்டும் என்று எழுதினேன். முதல்வர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பழைய கதைங்க மேடம், இதையெல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு" என்றார். சிவபிரகாஷ் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் எழுந்து வரவில்லை. முதல்வர் வாங்கி முத்திரை குத்தும் வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அந்த ஆறு பேரும் திரும்பச் செய்தார்கள். 5.8, 6.1, 5.9 என்று ஆளுக்கொன்றாக வந்தது. எல்லோருக்கும் முழு மார்க் போட்டேன். மாதேஷ் அண்ணனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை தப்பியது. எனக்கு மூன்று வருடம் தேர்வுப் பணி கிடையாது என்று உத்தரவு வந்தது. அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

முதல் நாள் மாலை, முதல்வர் அறையிலிருந்து வெளியே வந்தபோது, மாதேஷ் அண்ணன் என் கைப்பையை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தார். அவருக்கு வேலை போகாது என்று சொன்னேன். தலையசைத்தார். அந்த டைரியை என் மாணவர்களுக்குக் காட்டக் கொடுப்பாரா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அது இங்கியே இருக்கட்டுங்க" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த லேமினேட் தாளை எடுத்தார். பதினேழு வருடம் ஒரு மூலைகூட மடங்காமல் காப்பாற்றி வைத்திருந்த தாள். இந்த முறை கவிழ்க்கவில்லை. எழுத்து தெரியும்படியே நீட்டினார்.

"இது உங்களுதுங்க. பாத்துப் போயிட்டு வாங்க, மேடம்" என்றார்.